ஷார்ட் ரெஸ்ட், லாங் ரெஸ்ட், விடியல்: எண்ண வேண்டியதைக் குறைப்பது எப்படி?

ஆறுமுகப்பகடை:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதாபாத்திர ஆட்டம், 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான்கு கேரக்டர்கள், எல்லாரும் லெவல் 5. சண்டை நடுவில் "இன்னும் எத்தனை மிச்சம்?" என்று கேட்டால் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. கேரக்டர் ஷீட்டில் அழித்து அழித்து எழுதிய இடமெல்லாம் நைந்துவிட்டது. ஒவ்வொரு திறனையும் எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்பதுதான் கணக்கு. எண்ண வேண்டியவை இவை:

பேட்டில் மாஸ்டர் ஃபைட்டர்: செகண்ட் விண்ட் 1, ஆக்‌ஷன் சர்ஜ் 1, சுப்பீரியாரிட்டி டைஸ் 4.
விசார்ட்: ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) முதல் மூன்று லெவலுக்கு 4/3/2, ஆர்கேன் ரெக்கவரி 1, ஏழு சார்ஜ் உள்ள மேஜிக் மிசைல் மந்திரக்கோல்.
வார்லாக்: மூன்றாம் லெவல் ஸ்லாட் 2. டீஃப்ளிங் என்பதால் ஹெல்லிஷ் ரிபியூக் 1, டார்க்னஸ் 1.
மாங்க்: கி (மாங்க்கின் ஆற்றல் புள்ளி) 5. டிராகன்பார்ன் என்பதால் நெருப்பு மூச்சு 1.

ஸ்லாட்டை லெவல் வாரியாகப் பிரித்தால் மொத்தம் 13 கணக்கு. ஹிட் டைஸையும் (ஓய்வில் காயம் ஆற்ற உருட்டும் பகடைகள்) சேர்த்தால் 17. ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) இதில் இல்லை.

இரண்டு கேள்வி. விதியைத் தொடாமல் இதை எவ்வளவு தூரம் எளிதாக்கலாம்? விதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எதை மாற்றினால் எது உடையும்? ஆப் வேண்டாம், மேசையில் தாளும் பகடையும் மட்டும்.

தாளும்பென்சிலும்:

விதியைத் தொடாமலே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். ஷீட் எல்லாவற்றையும் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அடுக்குகிறது: கிளாஸ் (ஃபைட்டர், விசார்ட் போன்ற தொழில்) ஒரு பக்கம், ரேஸ் (டீஃப்ளிங், டிராகன்பார்ன் போன்ற இனம்) ஒரு பக்கம், பொருள்கள் ஒரு பக்கம். விளையாடும்போது அந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை. தேவை ஒன்றே ஒன்றுதான்: இது எப்போது திரும்பக் கிடைக்கும்? அப்படி அடுக்கினால் உங்கள் 13ம் இரண்டே குவியலாகிவிடும்.

ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) குவியல்: செகண்ட் விண்ட், ஆக்‌ஷன் சர்ஜ், சுப்பீரியாரிட்டி டைஸ், வார்லாக் ஸ்லாட், கி, நெருப்பு மூச்சு. மற்றதெல்லாம் லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வு) குவியல். கோலின் சார்ஜ் விதிப்படி விடியலில்தான் வரும். அதற்காக மூன்றாவது குவியல் வேண்டாம், லாங் ரெஸ்டோடு சேர்த்துவிடுங்கள்.

இதில் ஏறக்குறைய எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஆர்கேன் ரெக்கவரி, அதாவது செலவான ஸ்லாட் சிலவற்றை மீட்கும் திறன். ஷார்ட் ரெஸ்ட் முடியும்போது பயன்படுத்துவது என்பதால் ஷார்ட் ரெஸ்ட் குவியலில் போட்டுவிடுவார்கள். பயன்படுத்துவது அப்போது, திரும்பக் கிடைப்பது நாளுக்கு ஒரு முறை. தவறான குவியலில் வைத்தால் லெவல் 5 விசார்டுக்கு ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் மூன்று லெவல் அளவுக்கு ஸ்லாட் சும்மா வந்துகொண்டே இருக்கும்.

செய்முறை. 3×5 அங்குல இண்டெக்ஸ் கார்டு, இரண்டு நிறம். மஞ்சள் ஷார்ட் ரெஸ்ட், நீலம் லாங் ரெஸ்ட். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தக்கூடிய திறனுக்கு ஒரு கார்டு. முன்பக்கம் பெயரும் முழு விதியும், செகண்ட் விண்டுக்கு "1டி10 (பத்து முகப் பகடை ஒன்று) + 5 ஹிட் பாயிண்ட், போனஸ் ஆக்‌ஷன்" என்கிற மாதிரி, லெவலைக் கூட்டிய எண்ணோடு. பின்பக்கம் ஒன்றும் எழுதாதீர்கள். பயன்படுத்தியதும் கவிழ்த்து வையுங்கள். ரெஸ்ட் எடுத்ததும் அந்த நிறக் கார்டுகளை எல்லாம் நிமிர்த்துங்கள், அவ்வளவுதான். இது தீர்ந்ததா என்று ஷீட்டைத் தேட வேண்டியதே இல்லை.

பல தடவை பயன்படுத்துவதற்கு டோக்கன். கார்டின் மேல் டோக்கன் அளவுக்கே வட்டம் வரைந்துவிடுங்கள்: கி கார்டில் ஐந்து வட்டம், விசார்ட் கார்டில் முதல் வரிசை நான்கு, அடுத்தது மூன்று, கடைசி இரண்டு. வட்டம் வரைவதுதான் இதில் முக்கியம். வட்டம் இல்லாவிட்டால் ரெஸ்ட் எடுக்கும்போது எத்தனை வைக்க வேண்டும் என்று மறுபடியும் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். வட்டம் இருந்தால் காலியாக இருப்பதை நிரப்பினால் போதும்.

சுப்பீரியாரிட்டி டைஸுக்கு டோக்கனே வேண்டாம். ஒரே நிறத்தில் நான்கு டி8 வாங்கி ஃபைட்டர் கையில் கொடுங்கள். உருட்டிய பகடை மேசை நடுவிலுள்ள கிண்ணத்துக்குப் போகட்டும். ஷார்ட் ரெஸ்டில் நான்கையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எண்ணும் பொருளும் உருட்டும் பொருளும் ஒன்றாக இருப்பதால் குறிக்க மறந்துபோக வழியே இல்லை. பிறகு யாராவது பார்ட் (பாணர் கிளாஸ்) எடுத்தால் பார்டிக் இன்ஸ்பிரேஷனுக்கும் இதே முறை: பகடையையே தோழரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

செய்யக்கூடாதவை சில. டி20யை "இப்போது 5" என்று திருப்பி வைத்து எண்ணாதீர்கள். இரண்டு ரவுண்டுக்குள் யாராவது அதை எடுத்துத் தாக்குதலுக்கு உருட்டிவிடுவார்கள், எண் போயே போய்விடும். லேமினேட் செய்த ஷீட்டில் ஒயிட்போர்டு மார்க்கரால் குறித்தால் உள்ளங்கை பட்டுக் கலைந்துவிடும். ஈரத்துணியால் மட்டும் அழியும் மார்க்கர் என்றால் பிரச்சினை இல்லை. ஆட்டம் பாதியில் நின்றால் கார்டுகளை அள்ளுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 2024 விதிகளுக்கு மாறினால் கவிழ்க்கும் முறை சில இடங்களில் பலிக்காது. அதில் செகண்ட் விண்ட், பார்பேரியனின் ரேஜ், கிளெரிக்கின் சேனல் டிவினிட்டி எல்லாம் ஷார்ட் ரெஸ்டில் ஒன்று மட்டும் திரும்பும், லாங் ரெஸ்டில் முழுதாகத் திரும்பும். அவற்றை டோக்கன் கார்டாக்கி, நீலக் கார்டின் ஓரத்தில் மஞ்சளில் "+1" என்று எழுதிவிடுங்கள்.

விதிநுணுக்கம்:

மேலே சொன்னதை முதலில் செய்து பாருங்கள். அது போதாவிட்டால் மட்டும் விதியில் கை வையுங்கள். பலரும் முதலில் செய்யும் மாற்றம்தான் பெரிய சேதத்தையும் உண்டாக்குகிறது என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

அந்த மாற்றம் இது: ஷார்ட் ரெஸ்டை எடுத்துவிட்டு, அதில் திரும்பும் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி லாங் ரெஸ்டில் போடுவது. 2014 டன்ஜன் மாஸ்டர் புத்தகம் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு சண்டையும் சுமார் இரண்டு ஷார்ட் ரெஸ்டும் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. ஆகவே காலை ஒரு தடவை, ரெஸ்டுக்குப் பிறகு இரண்டு தடவை, மொத்தம் மூன்று மடங்கு. தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஃபைட்டருக்கு 12 சுப்பீரியாரிட்டி டைஸ், 3 ஆக்‌ஷன் சர்ஜ். வார்லாக்குக்கு 6 ஸ்லாட். மாங்க்குக்கு 15 கி.

மேசையில் நடப்பது வேறு. லெவல் 5 ஃபைட்டருக்கு ஒரு ஆக்‌ஷனில் இரண்டு தாக்குதல். இன்னொரு ஆக்‌ஷன் தரும் சர்ஜோடு நான்கு. தாக்குதலுக்கு ஒரு மனூவர் (ஒரு சுப்பீரியாரிட்டி டை செலவாகும் உத்தி) என்பதால் ஒரு ரவுண்டில் நான்கு டைஸ் செலவழிக்கலாம். மூன்று சர்ஜ் கையில் இருந்தால் மூன்று ரவுண்டில் 12 தாக்குதல், அத்தனையும் பட்டால் 12 டைஸும் காலி. ஒரு டி8இன் சராசரி 4.5, ஆகக் கூடுதல் டேமேஜ் மட்டும் 54. பெரும்பாலான சண்டை மூன்று நான்கு ரவுண்டில் முடிந்துவிடும். நாளின் மொத்தச் சக்தியும் முதல் சண்டையிலேயே கொட்டிவிடுகிறது, பிறகு எல்லாரும் லாங் ரெஸ்ட் கேட்கிறார்கள். மாங்க்கும் அப்படித்தான்: ஃப்ளரிக்கு (கூடுதலாக இரண்டு அடி) ஒரு கி, படும் நான்கு அடிக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (எதிரியை உறைய வைப்பது) நான்கு கி, ஒரே டர்னில் ஐந்து. 15 கி கையில் இருந்தால் தொடர்ந்து மூன்று டர்ன். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பெரிய அரக்கன் ஒன்றைக் கொண்டுவந்தால் அது அசையவே அசையாது.

இதைத் தடுக்க "ஒரு சண்டைக்கு இவ்வளவுதான்" என்று வரம்பு வைத்தால் ஒரு கணக்கு இரண்டாகிவிடும். எளிதாக்கப் போய்ச் சிக்கலாக்கின கதை.

அதைவிட நல்லது: ஷார்ட் ரெஸ்டின் நீளத்தை 10 நிமிடம் ஆக்குங்கள், ஒரு லாங் ரெஸ்டிலிருந்து அடுத்ததற்குள் இரண்டு தடவைதான் எடுக்க முடியும் என்று வையுங்கள். மேசை நடுவில் இரண்டே டோக்கன், குழுவுக்குப் பொது. ஒன்றை எடுத்தால் எல்லாருடைய மஞ்சள் கார்டும் நிமிரும். ஒரு மணி நேரம் எங்கே ஒளிந்திருப்பது என்ற விவாதமும் ஒழிந்தது. 2014 புத்தகத்திலேயே ஷார்ட் ரெஸ்ட் 5 நிமிடம், லாங் ரெஸ்ட் 1 மணி நேரம் என்று ஒரு மாற்று விதி உண்டு. அதில் எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பதால் இந்த வேலைக்கு அது உதவாது.

விசார்டுக்கு ஸ்பெல் பாயிண்ட் விதியைச் சிலர் சொல்வார்கள். முதல் லெவல் ஸ்பெல்லுக்கு 2, இரண்டாம் லெவலுக்கு 3, மூன்றாம் லெவலுக்கு 5 பாயிண்ட். லெவல் 5இல் மொத்தம் 27. மூன்று வரிசை ஒரே எண்ணாகிறது, உண்மைதான். ஆனால் ஸ்லாட் முறையில் இரண்டு ஃபயர்பால் (மூன்றாம் லெவல் ஸ்பெல்) போட முடிந்தவருக்கு இப்போது ஐந்து போடலாம், கையில் இரண்டு பாயிண்ட் மிஞ்சும். ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் கழித்தல் கணக்கு வேறு. டோக்கனை வட்டத்திலிருந்து எடுப்பதைவிட இது எந்த வகையில் எளிது என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுங்கள்.

பயமில்லாமல் மாற்றக்கூடியவை இரண்டு. லாங் ரெஸ்டில் ஹிட் டைஸ் பாதிதான் திரும்பும், லெவல் 5க்கு இரண்டு. அதை முழுதும் என்று ஆக்குங்கள். கோலுக்கு விடியலில் 1டி6+1 சார்ஜ் என்பதை நிலையாக 4 என்று வையுங்கள், சராசரியே 4.5தான்.

இருபதுமுகம்:

எண்ணுறதுக்குப் பதிலா உருட்டலாம்னு ஒரு வழி இருக்கு, அதை யாரும் சொல்லலையே. ரெண்டு வகை. ரெண்டையும் கலந்துடாதீங்க.

முதல் வகை யூசேஜ் டை, 2016ல வந்த தி பிளாக் ஹேக்ங்கிற ஆட்டம் மூலமா பரவினது. பொருளைப் பயன்படுத்தினதும் பகடை உருட்டணும், 1 இல்ல 2 விழுந்தா அடுத்த சின்னப் பகடைக்கு இறங்கணும். டி4ல 1–2 விழுந்தா தீர்ந்தது. கணக்கு போட்டுப் பார்த்தா டி4 சராசரி 2 தடவை தாங்கும், டி6 அஞ்சு, டி8 ஒன்பது, டி10 பதினாலு, டி12 இருபது, டி20 முப்பது. அம்பு, தீப்பந்தம், சாப்பாடு மாதிரி விஷயத்துக்கு அருமை. இந்தக் கோலுக்கும் ஒத்துவரும்: ஏழு சார்ஜுக்குப் பதிலா டி6ல ஆரம்பிச்சா கொஞ்சம் கஞ்சம், டி8ன்னா கொஞ்சம் தாராளம்.

ஆனா கி, சுப்பீரியாரிட்டி டைஸுக்கு வேண்டவே வேண்டாம். டி6ல ஆரம்பிச்சாலும் ரெண்டே தடவையில தீர்ந்துபோக ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கு. அந்த ஆட்டக்காரர் திட்டம் போட்டுச் சேமிச்சு வைக்கிற விஷயம் அது, பகடை பறிச்சுட்டா கோபம் வரும். அதுல நியாயமும் இருக்கு.

ரெண்டாவது வகை, திரும்பி வர்றதை உருட்டுறது. 2013ல வந்த 13த் ஏஜ்ங்கிற ஆட்டத்துல சில திறன்களுக்கு சண்டை முடிஞ்சதும் டி20 உருட்டணும். 6+, 11+, 16+ன்னு மூணு அளவு, அதாவது 75%, 50%, 25%. இதை உங்க ஆக்‌ஷன் சர்ஜுக்கு 11+ன்னு வெச்சுப் பாருங்க. ஆறு சண்டை இருக்கிற நாள்ல, கையில இருக்கும்போதெல்லாம் பயன்படுத்தினா சராசரி 1 + 5×0.5, அதாவது 3.5 தடவை. பழைய விதியில ரெண்டு ஷார்ட் ரெஸ்டோட 3 தடவை. கிட்டத்தட்ட அதே அளவு, ரெஸ்ட் பத்தின பேச்சே இல்லை. 16+ன்னு வெச்சா 2.25க்கு இறங்கிடும், அது குறைவு.

இதுல ஒரு ஓட்டை. சும்மா ஒரு எலியைத் துரத்திட்டு "சண்டை முடிஞ்சது, உருட்டுறேன்"னு சொல்ல ஆரம்பிப்பாங்க. எது சண்டைன்னு ஜிஎம்தான் சொல்லணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கங்க. அப்புறம், இது ஒத்தைத் திறனுக்குத்தான். வார்லாக் ஸ்லாட் ரெண்டுக்கும் தனித்தனியா உருட்டினா மறுபடி கணக்குதான்.

ஸ்லாட்டே வேண்டாம்னா 2023ல வந்த ஷேடோடார்க்ங்கிற ஆட்டத்தைப் பாருங்க. ஸ்பெல் போடும்போது டி20, இலக்கு 10 + ஸ்பெல்லோட டியர் (ஸ்பெல்லோட லெவல் மாதிரி). தோத்தா அந்த ஸ்பெல் ரெஸ்ட் வரைக்கும் கிடையாது. எண்ணிக்கையே இல்லை, கார்டைக் கவிழ்த்தா போதும். பகடையோட +3 கூட்டுறவருக்கு டியர் 1ல 65% ஜெயிக்கும், ரெஸ்டுக்குள்ள சராசரியா ரெண்டு தடவைக்குக் கொஞ்சம் குறைவா அந்த ஸ்பெல் கிடைக்கும். அதுக்காக அதை அப்படியே 5ஆம் பதிப்பு விசார்டுக்கு மாட்டாதீங்க, ஸ்பெல்லோட பலமே வேற அளவுல இருக்கு.

ஆறுமுகப்பகடை:

நன்றி. கார்டும் பொது டோக்கன் இரண்டும் எடுத்துக்கொள்கிறேன், கோலுக்கு டி8. ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன்: ஸ்பெல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை எப்படிக் கவனிப்பது? 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நான்கு விதம் ஓடுகிறது, அதில் கான்சென்ட்ரேஷன் (கவனம் கலைந்தால் ஸ்பெல்லும் முடியும் என்ற விதி) வேறு. கூடவே ஒரு சின்னக் கேள்வி: ஸ்கோரையும் (ஸ்ட்ரெங்த் 16 மாதிரி) அதிலிருந்து வரும் மாடிஃபையரையும் (+3 மாதிரி) இரண்டையும் ஷீட்டில் வைத்திருக்கத்தான் வேண்டுமா?

தாளும்பென்சிலும்:

நேரத்தை நிமிடத்தில் எண்ணாதீர்கள், நிகழ்ச்சியில் எண்ணுங்கள். 1 நிமிடம் என்றால் 10 ரவுண்டு. சண்டை அவ்வளவு நீளாது. அதனால் "இந்தச் சண்டை முடியும் வரை". 10 நிமிடம் என்றால் "இந்தச் சண்டையும் அடுத்த அறையும்". 1 மணி நேரம் என்றால் "அடுத்த ஷார்ட் ரெஸ்ட் வரை". 8 மணி என்றால் "லாங் ரெஸ்ட் வரை". ஸ்பெல் கார்டில் நிமிடத்தை அடித்துவிட்டு இந்தச் சொற்களை எழுதிவிடுங்கள். உண்மையாகவே ரவுண்டு எண்ண வேண்டியது "அடுத்த டர்ன் முடியும் வரை" வகை மட்டும். அதற்கு அந்த மினியேச்சரின் (கேரக்டரைக் குறிக்கும் பொம்மை) காலடியில் ஒரு டோக்கன், டர்ன் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கான்சென்ட்ரேஷனுக்கு ஆளுக்கு ஒரே ஒரு வளையம், பாட்டில் மூடியின் கழுத்து வளையம் போதும். ஸ்பெல் போட்டவரின் மினியேச்சரில் அதை மாட்டுங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் கான்சென்ட்ரேட் செய்யலாம் என்ற விதியை அந்த ஒற்றை வளையமே பார்த்துக்கொள்ளும். அடி வாங்கும்போது கண் முன்னால் இருப்பதால் கான்ஸ்டிடியூஷன் சேவ் (தாக்குப்பிடிக்க உருட்டுவது) போடவும் மறக்காது: இலக்கு 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது அதிகமோ அது.

விதிநுணுக்கம்:

இங்கே ஒரு மோதல் இருக்கிறது, கவனியுங்கள். "1 மணி = ஷார்ட் ரெஸ்ட் வரை" என்பது ரெஸ்டே ஒரு மணி நேரம் என்பதால்தான் பொருந்தியது. நீங்கள் ரெஸ்டை 10 நிமிடம் ஆக்கிவிட்டீர்கள். விதிப்படி பார்த்தால் ஒரு மணி ஸ்பெல் ரெஸ்டைத் தாண்டி ஓடும், ரெஸ்ட் எடுத்த வார்லாக் ஸ்பெல்லும் ஓட ஸ்லாட்டும் முழுதாக அடுத்த சண்டைக்கு வருவார். அதனால் "பொது டோக்கன் எடுத்தால் ஒரு மணி ஸ்பெல்கள் முடியும்" என்று தனியாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

அதிலும் ஹெக்ஸ் என்ற வார்லாக் ஸ்பெல் தப்பிவிடும். முதல் லெவலில் அது ஒரு மணி நேரம், ஆனால் மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் 8 மணி நேரம். உங்கள் வார்லாக்கின் ஸ்லாட்டெல்லாம் மூன்றாம் லெவல்தான். காலையில் ஒரு ஸ்லாட் செலவழித்து ஹெக்ஸ் போட்டு, கான்சென்ட்ரேஷன் கலையாமல் ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டு ஸ்லாட்டும் கையில், ஹெக்ஸும் கையில். இது ஏமாற்றல்ல, விதியே அனுமதிப்பது. வளையம் மாட்டியே இருக்கட்டும். தூங்கினால் மட்டும் கலைந்துவிடும்.

ஸ்கோர் பற்றி: மாடிஃபையரை மட்டும் ஷீட்டில் வைத்தால் போதும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பே 2023 திருத்தத்தில் ஸ்கோரைக் கைவிட்டு மாடிஃபையரோடு நின்றுவிட்டது. 5ஆம் பதிப்பில் ஸ்கோர் தேவைப்படும் இடங்கள் குறைவு. சுமை ஸ்ட்ரெங்த் × 15 பவுண்டு. சில ஃபீட்டுகள் (கேரக்டர் எடுக்கும் கூடுதல் சிறப்புத் திறன்கள்) ஒரு புள்ளி ஏற்றும். 15இலிருந்து 16 ஆவதா, 14இலிருந்து 15 ஆவதா என்று தெரிய வேண்டும். கனமான கவசங்களுக்கு ஸ்ட்ரெங்த் 13 அல்லது 15. பிறகு ஷேடோ என்ற அரக்கன், அது ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரெங்த் ஸ்கோரில் 1டி4 குறைக்கும், பூஜ்யமானால் சாவு. எனவே ஸ்கோரை ஷீட்டின் பின்பக்கம் சின்னதாக எழுதி வையுங்கள், முன்பக்கம் மாடிஃபையர் மட்டும் பெரிதாக.

இருபதுமுகம்:

ஒரு திருத்தம், கோலுக்கு டி8 எடுக்கிறதா இருந்தா. விதிப்படி கடைசி சார்ஜைச் செலவழிச்சா டி20 உருட்டி 1 விழுந்தா கோல் பொடிஞ்சுடும். யூசேஜ் டைல கடைசி சார்ஜ் எதுன்னு முன்கூட்டியே தெரியாது. டி4 தீர்ந்த அந்த நொடியில டி20 உருட்டுங்க, அதே பலன். ஒரே தடவையில மூணு சார்ஜ் போட்டா யூசேஜ் டையையும் மூணு தடவை உருட்டணும், இல்லைன்னா எப்பவும் மூணு மூணாத்தான் போடுவாங்க. மூணு முடியறதுக்குள்ள டி4 தீர்ந்துட்டா ஸ்பெல் முழு பலத்தோட போகட்டும், மிச்சத்தை உருட்ட வேண்டாம். விடியலுக்கு டி8க்குத் திரும்பாம ஒரு படி மட்டும் ஏத்துங்க. முழுசா ஏத்தினா நாளுக்கு ஒன்பது சார்ஜ் கிடைச்ச மாதிரி ஆயிடும், பழைய விதியில நாலரைதான்.